மேதை என்பவர் சாதாரண மனிதரா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என நம் சுற்றுப்புறங்களில் பிள்ளைகள் கூடும் இடங்களில் ஒரு விவாதத்தை அடிக்கடி கேட்கலாம். சூப்பர்மேன் பெரியவனா, பேட்மேன் பெரியவனா என்பதே அது. பேட்மேன் பக்கம் நிற்கும் பிள்ளைகள் தவறாமல் ஒரு வாதத்தை முன்வைப்பர். "சூப்பர்மேன் வேற்றுக் கோளில் பிறந்தவன், பறப்பது அவனுக்குப் பிறவிக் குணம். பேட்மேனோ நம்மைப் போன்ற சாதாரண மனிதன். அவனிடம் இருப்பது மூளை மட்டுமே" என்பர்.

இவ்வாதத்தைக் கேட்கும் பெரியோர் புன்னகை புரிந்து கடந்து செல்வது வழக்கம். நாம் அவ்வாறு கடந்து செல்ல விரும்பவில்லை. 'மூளை மட்டுமே' என்னும் அவ்விரு சொற்களில், பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள் அடங்கியுள்ளது. பறக்கும் ஆற்றல் பிறவிக் கொடை என்றால், கூரிய அறிவு மட்டும் பிறவிக் கொடை ஆகாதா? அறிவு மிகுந்த ஒருவனைச் 'சாதாரண மனிதன்' என்று நாம் கூறிவிட்டால், அவ்வறிவு வாய்க்காத எஞ்சிய மனிதரை எப்பெயரால் அழைப்பது?

கதைகளில் வரும் வீரர்

முதலில் கதைகளைக் காண்போம். சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டிலும், பேட்மேன் 1939ஆம் ஆண்டிலும் அமெரிக்கச் சித்திர இதழ்களில் முதன்முதலாகத் தோன்றினர். தானே வடித்த இரும்புக் கவசம் அணிந்து பறக்கும் அயர்ன்மேன் 1963ஆம் ஆண்டில் வந்தான். இவர்களுள் பின்னவர் இருவருக்கும் மாய ஆற்றல் எதுவும் இல்லை. ஆராய்ச்சி, பயிற்சி, கருவிகள் ஆகியவற்றாலேயே வெல்கின்றனர்.

இன்று தந்தையராகவும் பாட்டனாராகவும் இருப்போருக்கு வேறொரு வீரனை நினைவிருக்கும். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே வந்தவன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்து நாட்டுக் கதையின் தமிழ் வடிவம் அது. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக் கொண்டவன், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரிவான். பாடநூலுக்குள் ஒளித்து வைத்து அக்கதையைப் படித்த சிறுவர் எவரும், 'மாயாவி நம்மைப் போன்றவன். முயன்றால் நாமும் மறையலாம்' என்று கருதியதில்லை. அவன் ஆற்றல் விபத்தால் வந்தது என்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

மூளையால் வெல்லும் வீரனிடம்தான் நாம் ஏமாந்து போகிறோம். மறையும் உடல் நம்மிடம் இல்லை. மூளையோ நம் அனைவரிடமும் உள்ளது. ஆகவே அவன் நமக்கு அண்மையில் நிற்பதாகத் தோன்றுகிறது. ஆயின் பேட்மேனின் கதையைச் சற்று உற்று நோக்குக. அவன் பெருஞ்செல்வரின் ஒரே மகன். மாளிகை உண்டு, வேலை தேடி அலைய வேண்டிய நிலை இல்லை. பெற்றோரைச் சிறு வயதில் இழந்தபோது, அவனைப் பேணி வளர்க்க ஆல்ஃபிரட் என்னும் உண்மையுள்ள பணியாளர் இருந்தார். இத்தனையும் வாய்த்த ஒருவனை 'நம்மைப் போன்றவன்' என்பது எவ்வாறு பொருந்தும்?

ஒரு சொல்லின் மூன்று பொருள்கள்

'சாதாரண மனிதன்' என்னும்போது நாம் மூன்று வெவ்வேறு செய்திகளை ஒரே சொல்லுக்குள் அடைத்து விடுகிறோம் என்றே கருதுகிறோம். முதலாவது, இயல்பு. பிறந்தவன், பசிப்பவன், நோயுறுபவன், இறப்பவன் என்பது அது. இரண்டாவது, அளவு. ஊரில் பத்துப் பேரை நிறுத்தினால் ஒன்பது பேருக்கு இருக்கும் ஆற்றலே இவனுக்கும் உண்டு என்பது அது. மூன்றாவது, நிலை. செல்வமோ செல்வாக்கோ இன்றி, மாதச் சம்பளத்தை எதிர்நோக்கி வாழ்பவன் என்பது அது.

பேட்மேன் இயல்பால் சாதாரண மனிதன். அளவாலும் நிலையாலும் அல்லன். இம்மூன்றையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெரிதும் தீர்ந்துவிடும். ஆயினும் கதைமாந்தரை வைத்து முடிவு கட்டுவது போதாது. மெய்யாகவே வாழ்ந்த ஒருவரைக் கொண்டு இதனைச் சோதிப்போம். அதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்கினால், அருகிலேயே சென்னைத் துறைமுகம். அங்கே 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஓர் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பெயர் சீனிவாச இராமானுஜன்.

துறைமுக எழுத்தர்

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தை ஜவுளிக் கடையில் கணக்கெழுதுபவர். நிலையால் சாதாரணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தவர் அவர். கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை, கணிதம் தவிர்ந்த பிற பாடங்களைக் கைவிட்டதால் இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, 1909இல் திருமணம் மட்டும் நடந்தது.

அளவையோ பாருங்கள். 1913ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று, துறைமுக எழுத்தராக இருந்தபடியே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜி. எச். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஏறத்தாழ 120 கணித முடிவுகள் இருந்தன. அவற்றுள் சில ஹார்டி தம் வாழ்நாளில் கண்டறியாதவை. பின்னாளில் கணித மேதைகளின் இயற்கைத் திறனுக்கு ஹார்டி மதிப்பெண் இட்டபோது, தமக்கு 25, தம் நண்பர் லிட்டில்வுட்டுக்கு 30, ஜெர்மானியப் பேரறிஞர் ஹில்பர்ட்டுக்கு 80, இராமானுஜனுக்கு 100 என்று இட்டதாகக் கூறுவர். அவர் மூன்று குறிப்பேடுகளில் எழுதி வைத்தவற்றை ஒவ்வொன்றாக மெய்ப்பித்து விளக்க, புரூஸ் பெர்ண்ட் என்னும் அமெரிக்க அறிஞருக்கு ஐந்து பெருந்தொகுதிகள் தேவைப்பட்டன. அவை 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. இது சாதாரண அளவு என்று எவரும் கூறார்.

கம்பளியும் காய்ச்சலும்

இனி இயல்பு. 1914ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டு இராமானுஜன் இங்கிலாந்து சேர்ந்தார். இந்தியப் புள்ளியியல் கழகத்தைப் பின்னாளில் நிறுவிய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒரு நாள் அவர் இராமானுஜனின் அறைக்குச் சென்றபோது, இரவெல்லாம் குளிரில் நடுங்குவதாக இராமானுஜன் கூறினார். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் ஒழுங்காக விரித்து மடித்துச் செருகப்பட்டிருந்தன. இவரோ அவற்றின் மேலேயே, மேலங்கியைப் போர்த்துக் கொண்டு படுத்திருந்தார். கம்பளிகளை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை மகலனோபிஸ் காட்டிக் கொடுத்தார். எண்களோடு தோழமை கொண்டவர் என்று போற்றப்பட்டவருக்கு, அந்நாட்டுப் படுக்கையில் உறங்கும் முறையை மற்றொருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது!

நோயும் அவ்வாறே. முதல் உலகப் போர்க்காலம்; மரக்கறி உணவு அரிதாயிற்று; தாமே சமைத்து உண்டவர் பல நேரம் உண்ணாமலும் இருந்தார். 1917இல் உடல்நலம் குன்றிற்று. காசநோய் என்று கருதி மருத்துவமனைகளில் சேர்த்தனர். அவற்றுள் ஒன்று மெண்டிப் மலைப் பகுதியிலிருந்த நல்வாழ்வு நிலையம். அதன் மருத்துவர் நம் தமிழர். டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இராமானுஜன் சென்ற அதே நெவாசா கப்பலில் பயணம் செய்தவர் அவர். இப்பெயரைத் தாம்பரத்து மக்கள் அறிந்திருத்தல் தகும். ஏனெனில் 1928ஆம் ஆண்டு நம் தாம்பரத்தில் காசநோயாளருக்காக 12 படுக்கைகளுடன் நல்வாழ்வு நிலையத்தைத் தொடங்கியவர் அவரே. அரசு அதனை 1937இல் ஏற்றுக் கொண்டது. நாம் நாள்தோறும் கடந்து செல்லும் 'சானடோரியம்' ரயில் நிலையத்தின் பெயர் அதனால் வந்ததே.

1918இல் ராயல் சொசைட்டி இராமானுஜனை உறுப்பினராக்கியது. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரும் அவரானார். 1919இல் தாயகம் திரும்பி, 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில், 32 வயதில் உயிர் நீத்தார். அவருக்கு வந்தது காசநோய் அன்று, முன்னர் வந்த சீதபேதி கல்லீரலைப் பற்றியதன் விளைவு என்று 1994இல் டி. ஏ. பி. யங் என்னும் மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். அவ்வாறாயின் அன்றைய மருத்துவத்தாலேயே குணப்படுத்தியிருக்கக் கூடிய நோய் அது. உலகம் காணாத சூத்திரங்களைக் கண்டவர், தம் வயிற்றில் இருந்த நோயைக் காண இயலவில்லை.

எனவே நாம் முன்னர்ப் பிரித்த மூன்றில், நிலையாலும் இயல்பாலும் இராமானுஜன் முற்றிலும் சாதாரண மனிதர். அளவால் மட்டும் அல்லர்.

இரு தவறுகள்

இதில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. இரண்டிற்கும் பலியாவோர் உண்டு.

மேதையை மனித இனத்திற்கு அப்பாற்பட்டவராக ஆக்கி விடுவது முதல் தவறு. 1936இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய ஹார்டி, இதனைக் கடுமையாக மறுத்தார். இராமானுஜன் கீழை நாட்டு அதிசயப் பொருளும் அல்லர், மனநிலை பிறழ்ந்தவரும் அல்லர். உடன் அமர்ந்து தேநீர் அருந்தவும் அரசியல் பேசவும் தக்க, சிந்திக்கத் தெரிந்த மனிதர். அவர் பெருங்கணித அறிஞராகவும் இருந்தார் என்பதே ஹார்டியின் கருத்து. அவரோடு ஆண்டுக்கணக்கில் பழகியவரின் சான்று இது. மேதையைத் தெய்வப் பிறவியாக்கினால், அவர் உண்டாரா, உறங்கினாரா, தனிமையில் வாடுகிறாரா என்று கேட்க நமக்குத் தோன்றாது. இத்தவறுக்குப் பலியாகிறவர் மேதையே.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. "அவரும் நம்மைப் போன்றவர்தாமே, சிலேட்டில் படித்தவர்தாமே, நீ முயன்றால் ஆக முடியாதா?" என்பது. நம் புறநகர் இல்லங்களில் பெரிதும் காணப்படுவது இதுவே. பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளிலும், நீட் மதிப்பெண் வெளியாகும் நாளிலும், இவ்வாக்கியம் எத்தனை வீடுகளில் ஒலிக்கிறது! பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகளில் முதலிடம் பெற்றோரின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைக் கடந்து வீடு திரும்பும் பிள்ளை தன் மதிப்பெண்ணோடு அப்படங்களை ஒப்பிடாமல் இருப்பானா?

முயற்சி வேண்டும் என்பதில் ஐயமில்லை. இராமானுஜனும் கடுமையாக உழைத்தவரே. ஆயின் உழைப்பு மட்டுமே அவரை உருவாக்கவில்லை. கும்பகோணத்தில் அவருடன் பயின்ற பிள்ளைகளுள் உழைத்தவர் பலர் இருந்திருப்பர். அவர்களுள் இராமானுஜன் ஒருவரே. மேதையின் கொடையை மறைத்து உழைப்பை மட்டும் காட்டினால், எட்டாத பிள்ளை உழைக்காதவன் என்றாகிறது. பறக்க இயலாத பிள்ளையை எவரும் கடிந்து கொள்வதில்லை. கணிதம் ஏறாத பிள்ளையையோ சோம்பேறி என்கிறோம். இத்தவறுக்குப் பலியாகிறவன் நம் வீட்டுப் பிள்ளை.

வேறு சிலர் ஆறுதலாக, "இராமானுஜனும் தேர்வில் தவறியவர்தாம்" என்பர். இதிலும் முழு உண்மை இல்லை. அவரது திறனை அளக்கத் தெரியாத தேர்வு அவரைத் தள்ளியது. தேர்வில் தவறும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் மறைந்திருக்கும் மேதைகள் அல்லர். அவ்வாறு அவர்கள் இருக்க வேண்டுவதும் இல்லை. மேதையாக இருக்கக் கூடும் என்பதற்காகவா நாம் ஒரு பிள்ளையை மன்னிக்கிறோம்? அவன் நம் பிள்ளை என்பது போதாதா?

தனித்து நின்றவர் அல்லர்

முகமூடி வீரன் தனித்து நின்று ஊரைக் காப்பதாகக் கதை சொல்கிறது. ஆல்ஃபிரட் இல்லையேல் அவனுக்கு உணவும் இல்லை, காயத்திற்குக் கட்டும் இல்லை. இராமானுஜனின் வாழ்வில் இத்தகையோர் பலர். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசுவாமி ஐயர் அவரது குறிப்பேட்டைக் கண்டு, சென்னையிலிருந்த நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பணம் உதவினார். துறைமுகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும், தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், தம் அலுவலக எழுத்தரின் திறனை உணர்ந்து அவருக்காகப் பேசினர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. இவர்களுள் எவரும் அச்சூத்திரங்களை முழுமையாக உணர்ந்தவர் என்று கூற இயலாது. ஆயினும் இவர்கள் இல்லையேல் ஹார்டிக்குக் கடிதம் சென்றிருக்குமா, கப்பலேறியிருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

இறுதியாக ஒருவரைக் குறிப்பிட வேண்டும். அவர் இராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள். கணவர் மறைந்தபோது அவர் இருபது வயதை ஒட்டிய இளம்பெண். தையல் கற்று, திருவல்லிக்கேணியில் அத்தொழிலால் வாழ்ந்தார். பெற்றோரை இழந்த ஒரு சிறுவனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். தம் கணவருக்குச் சிலை வைப்பதாகக் கூறியிருந்தார்களே, அது எங்கே என்று முதிய வயதில் அவர் கேட்டது செய்தித்தாளில் வந்தது. அதனை அறிந்த அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி முயன்றார். பல நாட்டுக் கணித அறிஞர்கள் பொருளுதவி செய்ய, பால் கிரான்லண்ட் என்னும் சிற்பி வடித்த வெண்கல மார்பளவுச் சிலை 1980களில் அம்மையாரிடம் சேர்ந்தது. 1994ஆம் ஆண்டு அவர் மறைந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் தையல் இயந்திரத்தின் துணையோடும் நினைவுகளோடும் வாழ்ந்த இப்பெண்மணியை எந்த ஹார்டியும் நூற்றுக்கு மதிப்பெண் இட்டு அளக்கவில்லை. அதனால் அவர் வாழ்வு குறைவுபட்டதாகக் கூறலாமா?

நம் இல்லங்களுக்கு

விவிலியத்தின் தாலந்து உவமையை நம் வாசகர் நன்கறிவர். அதில் ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு ஒன்று என வெவ்வேறு அளவாகவே கொடுக்கப்படுகிறது. ஐந்தைப் பத்தாக்கியவருக்கும் இரண்டை நான்காக்கியவருக்கும் தலைவர் கூறும் பாராட்டு ஒன்றே. இரண்டு பெற்றவரிடம் 'ஏன் பத்து கொண்டு வரவில்லை?' என்று அவர் கேட்கவில்லை. திறமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இவ்வுவமையிலிருந்து பிறந்தது என்பதும் எண்ணத்தக்கது.

ஆகவே பிள்ளைகளின் வினாவுக்கு நாம் கூறும் விடை இது. அறிவால் வெல்லும் வீரனும், மெய்யாக வாழ்ந்த மேதையும் மனித இயல்பால் சாதாரண மனிதரே. பசியிலும் நோயிலும் துணை தேவைப்படுவதிலும் நமக்கும் அவர்களுக்கும் வேற்றுமை இல்லை. அவர்களது ஆற்றலோ சாதாரணமானதன்று. அதனைச் சாதாரணம் என்று கூறி நம் பிள்ளைகளின் தோளில் சுமத்துவது நீதியன்று.

பெற்றோர்க்கு நாம் வேண்டுவன சில. பிள்ளைக்கு இராமானுஜனின் கதையைச் சொல்லுங்கள். ஆனால் முழுவதையும் சொல்லுங்கள். நூறு மதிப்பெண்ணோடு கம்பளியையும், கடிதத்தோடு நாராயண ஐயரையும், சிலையோடு ஜானகி அம்மாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலை அவன் கொண்டு வரும் மாலையில், அடுத்த வீட்டுப் பிள்ளையின் எண்ணைக் கேட்குமுன், அவன் சென்ற ஆண்டு இருந்த இடத்தையும் இன்று இருக்கும் இடத்தையும் பாருங்கள். அவன் உழைக்கவில்லை என்றால் கண்டியுங்கள். உழைத்தும் எட்டவில்லை என்றால் அருகில் அமர்ந்து உணவு பரிமாறுங்கள். உங்கள் வீட்டில் மெய்யாகவே மிகு திறன் உள்ள பிள்ளை இருந்தாலோ, அவனுக்கும் காய்ச்சல் வரும், அச்சம் வரும், தனிமை வரும் என்பதை மறவாதீர்கள். பாராட்டும் கூட்டத்திற்கு அவன் மதிப்பெண் தெரியும். அவன் நேற்றிரவு உறங்கினானா என்பதை அறிந்திருக்க வேண்டியவர்கள் நீங்களே.